உலையில் வைப்பதற்கு முன் – பழைய இரும்புக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பழைய இரும்புக் கருவி ஒன்று கைக்கு வந்திருக்கிறது, வீட்டில் சின்னதாக ஒரு உலை இருக்கிறது அல்லது கட்டும் ஆசை இருக்கிறது, இரண்டையும் சேர்க்கலாமா? அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கீழே சூட்டுக்கு டிகிரி என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ்.

கேள்வி: தாத்தாவின் கோடாரி பரணில் கிடைத்தது. முழுக்கத் துரு, வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது. சமீபத்தில்தான் ஒரு உலை கட்டினேன். கோடாரியைக் காய்ச்சி, வாயைத் தட்டிச் சரிசெய்து, மறுபடி பதம் ஏற்றலாம் என்று இருக்கிறேன். எண்ணெயில் தோய்க்கவா, தண்ணீரிலா?

எதிலும் வேண்டாம். அந்தக் கோடாரி உலைக்கே போக வேண்டாம்.

பழைய கோடாரி, வாச்சி, உளி, இழைப்புளி அலகு இவற்றையெல்லாம் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெரும்பாலும் முழு எஃகில் செய்யவில்லை. எஃகு செய்வது கடினம், கிடைப்பது அரிது. அதனால் உடம்பு முழுக்கத் தேனிரும்பு (கார்பன் மிகக் குறைந்த, மெத்தென்ற இரும்பு), வாய்ப்பக்கம் மட்டும் ஒரு துண்டு எஃகு, இரண்டையும் உலையிலேயே காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். அந்த எஃகுக்கு ஒரு கொல்லர் ஏற்கெனவே பதம் ஏற்றி, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிக் கொடுத்துவிட்டார். நீங்கள் சிவக்கக் காய்ச்சினால் முதலில் போவது அந்தப் பதம். கூடவே எஃகின் மேல்பரப்பிலிருந்து கொஞ்சம் கார்பன் எரிந்துபோகும், ஒட்டிய மூட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் அது பெரிதாகும், மேலே இருக்கும் முத்திரையும் சுத்தியல் தடமும் சூட்டில் மேலே உண்டாகும் கருஞ்செதிலோடு உதிரும். இதில் எதையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில் பார்க்க வேண்டும். மெஷினில் சுழலும் கம்பித் தூரிகையைத் தொடாதீர்கள். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு இரவு ஊறவிட்டு, சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் துருவைச் சுரண்டுங்கள். முத்திரை ஏதாவது இருந்தால் இப்படிச் செய்யும்போது தப்பித்து வெளியே வரும். அப்புறம் வாயருகே சின்ன இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். எஃகு கருஞ்சாம்பல் நிறமாகும், தேனிரும்பு வெளிறி நிற்கும், நடுவில் எல்லைக்கோடு தெரியும். வாயிலிருந்து அந்தக் கோடு வரைக்கும்தான் உங்களிடம் மிச்சமிருக்கும் எஃகு. நிறைய உழைத்த கோடாரிகளில் அது விரல் அகலம்கூட இருக்காது, அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் மீதி இருப்பது கூர் நிற்காத இரும்பு. கோடே தெரியாமல் எல்லா இடமும் ஒரே நிறமாக இருந்தால் அது பிற்காலத்தில் வந்த முழு எஃகுக் கோடாரியாக இருக்கலாம்.

அடுத்தது அரம். நல்ல அரத்தை உடம்பில் ஒரு இழுப்பு, வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உடம்பில் சுலபமாகக் கடித்து, வாயில் முயன்றால்தான் கடிக்கிறது என்றால் பதம் நன்றாகவே இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி கடித்தால் பதம் போயிருக்கிறது, தீயில் கிடந்த கருவிகளில் இப்படி இருக்கும். நெருப்பைப் பற்றி அப்போது மட்டும் பேசலாம், அதுவும் உங்கள் முதல் வேலையாக வேண்டாம்.

விழுந்த பல்லை அரத்தால் இறக்குங்கள், பிறகு கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். கோணம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். மெஷின் சாணை பிடித்தே ஆக வேண்டுமானால் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், சூடு தாங்கவில்லை என்றால் உடனே தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் படிந்தால் அந்த இடம் 300 டிகிரியை ஒட்டிப் போய்விட்டது, கடினம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: துரு எடுக்க வினிகர் என்கிறார்கள், பேட்டரி சார்ஜர் என்கிறார்கள், சிட்ரிக் அமிலம் என்கிறார்கள். எது நல்லது?

மூன்றுமே வேலை செய்யும், எங்கே எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான் விஷயம். மேலோட்டமான துருவுக்கு இவை எதுவுமே வேண்டாம், எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் போதும். பழைய கருவியின் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும் அந்தக் கருமை துருவிலேயே நல்ல வகை, அடியில் இருக்கும் இரும்பைக் காக்கிறது. எடுக்க வேண்டியது செம்பழுப்பாகப் பொடிந்து உதிர்வதை மட்டும்தான். பளிச்சென்று வெள்ளையாக்கிவிட்டுத்தான் நிறுத்துவேன் என்று இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வினிகர் 5 சதவீத அசெட்டிக் அமிலம். மலிவு, மெதுவாக வேலை செய்யும், ஆனால் துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். தேனிரும்பில் நார்களுக்கு இடையே புகுந்து பள்ளம் பறிக்கும். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 25 முதல் 50 கிராம் வரை கரைத்தால் அதே வேலையை இன்னும் சுத்தமாகச் செய்யும். எனக்கு இதுதான் பிடிக்கும். எந்த அமிலமானாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். எடுத்தவுடன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, சூடாகக் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். பத்து நிமிடம் ஈரமாக விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறத்தில் மறுபடி துரு ஏறும். ரம்பம், வில் (ஸ்பிரிங்) மாதிரி கடினமான மெல்லிய எஃகை அமிலத்தில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மையைக் கொடுத்துவிடும்.

மின்சார முறை, ஆழமான துருவுக்கும் சிக்கலான வடிவங்களுக்கும் ஏற்றது. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகடிவ் முனை கருவியில், பாசிடிவ் முனை வேண்டாத ஒரு இரும்புத் தகட்டில், இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் கரைவது உங்கள் கருவிதான், அதனால் சுவிட்ச் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தகடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், ஆகவே கருவியைத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது சுற்றிலும் தகடு வைக்க வேண்டும். இப்போது வரும் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் விடும், அவை இதற்குச் சரிவராது. கருவியிலிருந்து எழும் குமிழி ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு, எனவே திறந்த வெளியில் வையுங்கள். வாளிக்குள் கைவிடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். மரப்பிடி, பித்தளை, அலுமினியம் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்ப்பதோ நெருப்பில் எரிப்பதோ கூடாது.

கேள்வி: அந்த மின்சார முறையில் இரும்புத் தகட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் கரையாமல் நாள்பட வரும்தானே?

வைக்காதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் கரைந்து ஆறு-இணைதிற குரோமியம் என்ற நச்சாகத் தண்ணீரில் கலக்கும், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சாதாரண இரும்பே போதும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: தேனிரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு என்று எழுதுகிறீர்கள். கையில் இருக்கும் பழைய துண்டு எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு நம்பகமாகவே. சாணைச் சக்கரத்தில் வைத்து, கொஞ்சம் இருட்டில் பொறியைப் பாருங்கள். தேனிரும்பில் வைக்கோல் நிறத்தில் நீளமான கோடுகளாகப் போகும், நுனியில் வெடிப்பு கிட்டத்தட்ட இருக்காது. மைல்டு ஸ்டீலில் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) அங்கங்கே கிளை பிரியும். கார்பன் ஏற ஏறப் பொறி பூவாக வெடிக்கும், பழைய அரத்தை வைத்துப் பார்த்தால் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்தே வெடிப்பு தொடங்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் வரும். என்னவென்று தெரிந்த துண்டுகள் நாலைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், வெறும் நினைவை நம்ப வேண்டாம்.

தேனிரும்பை உறுதிப்படுத்த இன்னொரு வழி இருக்கிறது. துண்டில் பாதி ஆழம் அறுத்துவிட்டு, பிடித்து வளைத்து முறியுங்கள். விறகு பிளப்பதுபோல நார் நாராகக் கிழியும். உருகாமல் பிசைந்து அடித்தெடுத்த இரும்பு என்பதால் கசடு உள்ளேயே சிக்கி, அடிக்க அடிக்க இழையாக நீண்டிருக்கிறது. கார்பன் பெரும்பாலும் 0.1 சதவீதத்துக்குக் கீழே. இந்த நாரை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்: தேனிரும்பை நன்றாகக் காய்ச்சி, மஞ்சளாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், ஆறின பிறகும் தட்டிக்கொண்டிருந்தால் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். மைல்டு ஸ்டீலில் பழகிய கைக்கு முதல் சில நாள் இது எரிச்சலாக இருக்கும்.

1784இல் இங்கிலாந்தின் ஹென்றி கார்ட் காப்புரிமை பெற்ற முறையால்தான் தேனிரும்பு பெருமளவில் வந்தது. 1856இல் பெசமர் மலிவாக எஃகு செய்யும் வழியைக் காட்டிய பிறகு அதன் இடத்தை மைல்டு ஸ்டீல் மெல்ல மெல்லப் பிடித்தது. ஒரே நாளில் நடந்த மாற்றம் இல்லை, 1889இல் திறந்த ஈஃபில் கோபுரம்கூடத் தேனிரும்பில் கட்டியதுதான். பழைய சங்கிலி, வண்டிச் சக்கரப் பட்டை, வாயிற்கதவு, பெரிய கீல் இவற்றில் இன்னும் அகப்படும். உடைந்து கிடப்பதை மட்டும் எடுங்கள், முழுசாக இருக்கும் நல்ல பொருளை மூலப்பொருளாக்கி அழிக்காதீர்கள்.

கேள்வி: பழைய பெஞ்ச் வைஸ் ஒன்றின் தாடை உடைந்துவிட்டது. காய்ச்சி அடித்து ஒட்டலாமா?

அது வார்ப்பிரும்பாக இருந்தால் முடியாது. கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், சூட்டில் அடித்தால் நொறுங்கி விழும். பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டும் பிரேஸிங் செய்யலாம், அல்லது முன்சூடு கொடுத்து நிக்கல் ராடில் வெல்டிங் செய்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மிக மெதுவாக ஆறவிடலாம். பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். கொல்லர்கள் பயன்படுத்திய நீளக்கால் வைஸ் என்றால் கதை வேறு. அது அடித்துச் செய்தது, உலையில் சரிசெய்ய இடம் உண்டு.

கேள்வி: பட்டறைக்கல் கிடைக்கவே இல்லை. அது இல்லாமல் தொடங்க முடியாதா? வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

கொம்பு வைத்த பட்டறைக்கல் இல்லாமலே மனிதர்கள் மிக நீண்ட காலம் இரும்படித்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது சுத்தியலுக்கு நேர் கீழே நிறை. தண்டவாளத் துண்டு கிடைத்தால் அதைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, மரக்கட்டையில் பதித்து, முனையில் அடியுங்கள். படுக்கவைத்தால் நடுத்தண்டு மெல்லியது, அடி அதிர்ந்து வீணாகும். நிறுத்தினால் முழு எடையும் அடிக்குக் கீழே வந்துவிடும். கனமான எஃகுக் கட்டி எதுவானாலும் சரிதான். உயரம், நீங்கள் நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி எங்கே வருகிறதோ அங்கே. இதை அலட்சியம் செய்தால் முதுகும் தோளும் பதில் சொல்லும்.

சுத்தியல் 800 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் ஒன்று. அதைவிடக் கனம் தொடக்கத்தில் வேண்டாம். வாங்கியவுடன் முகத்தின் விளிம்புகளைத் தேய்த்து உருட்டிவிடுங்கள், கூர்விளிம்பு படும் ஒவ்வொரு அடியும் இரும்பில் வெட்டுக்காயம் போடும். குறடு பிறகு நீங்களே செய்யலாம், அதுவரை நீளமான கம்பியை அடித்தால் மறுமுனையைக் கையிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

உலைக்கு ஒரு பெட்டியில் களிமண் கலந்த மண்ணைத் திமிசுகட்டி, நடுவில் குழிபறித்து, பக்கவாட்டிலிருந்து ஒரு இரும்புக்குழாய் வழியாகக் காற்று விட்டால் போதும். துருத்திக்குப் பதில் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஓட்டலாம், ஆனால் காற்றைக் குறைக்க வழிசெய்து கொள்ளுங்கள், அப்படியே விட்டால் அதிகம். மரக்கரி சுத்தமாக எரியும், சீக்கிரம் தீரும், பொறி பறக்கும். நிலக்கரியும் கோக்கும் நின்று எரியும். எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது, மூடிய அறையில் உலை மூட்டவே கூடாது. அதே சமயம் உச்சி வெயிலும் உதவாது. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் சூட்டைக் கணிக்கிறோம், வெயிலில் பார்த்தால் மங்கலாகத் தெரிந்து, இன்னும் காயட்டும் என்று விட்டு எரித்துவிடுவோம். நிழலான, காற்றோட்டமான இடம் வேண்டும்.

கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். பருத்தி உடை, தோல் செருப்பல்ல தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: பழைய ஜிஐ பைப்பும் போல்ட்டும் நிறையக் கிடக்கின்றன. அதில் பழகலாமா?

அவற்றின் மேல் இருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலைச்சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும், நிறையப் போனால் இன்னும் மோசம். மஞ்சள் பொன்னிறம் பூசிய போல்ட் சிலவற்றில் காட்மியம் இருக்கலாம், அந்தப் புகை உயிரையே எடுக்கும். பூச்சு உள்ள எதையும் உலையில் போடாதீர்கள், பழகுவதற்கு வெறும் கம்பி போதும். இரண்டு முனையும் அடைபட்ட குழாயைக் காய்ச்சினால் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் அதை வெடிக்கவைக்கும், அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: பழைய மர உளி ஒன்றைப் பார்த்து அதேபோல ஒன்று செய்ய ஆசை. லாரிப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இருக்கிறது. அடித்து வடிவம் கொண்டுவந்துவிட்டேன். பதம் ஏற்றுவதை முதலிலிருந்து சொல்லுங்கள்.

நல்ல தேர்வு. பட்டை எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும், எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஒரே ஒரு கவலை, ஓடித் தேய்ந்த பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அடிக்கும்போதே விரிசல் தென்பட்டிருந்தால் அந்தத் துண்டை மறந்துவிடுங்கள்.

அடித்து முடித்த எஃகு உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு இருக்கும். அப்படியே தோய்த்தால் கோணும், சில சமயம் வெடிக்கும். அதனால் முதலில் ஆற்றவேண்டும்: சிவக்கக் காய்ச்சி, வெளியே எடுத்து, காற்று வீசாத இடத்தில் தானாகக் கறுக்கும் வரை விட்டு, மறுபடி காய்ச்சி, இப்படி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூடு கொஞ்சம் குறைவாக. பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இங்கே இருக்கிறது, ஏனென்றால் அடிக்கும்போது பெருத்துப்போன உள்மணிகள் (எஃகுக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) இதில்தான் மறுபடி நுண்மையாகின்றன.

அடுத்து கடினமாக்குதல். சூட்டைக் கணிக்கக் காந்தம் இருக்கிறது. இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். ஒரு கம்பியில் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, உளியை அதன் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் அதற்கும் ஒரு படி மேலே, சுமார் 830 டிகிரிக்கு, நிறத்தில் சொன்னால் இன்னும் கொஞ்சம் வெளிச்சமான சிவப்புக்குக் காய்ச்சி, சூடு உள்ளே வரைக்கும் சமமாகப் பரவ விட்டு எடுங்கள். அதற்கு மேல் போனால் மணி பெருத்து நொறுங்கும். எண்ணெய், சாதாரணத் தாவர எண்ணெயே போதும், முன்பே 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருங்கள். சூடான எண்ணெய் நீர்த்து, இரும்பைச் சுற்றி நன்றாக ஓடி, சீராகக் குளிர்விக்கும். வாய் கீழே இருக்கும்படி நேராக இறக்கி, மேலும் கீழுமாக அசையுங்கள், பக்கவாட்டில் ஆட்டினால் ஒருபுறம் சீக்கிரம் ஆறி வளைந்துகொள்ளும். எண்ணெய் தீப்பிடிக்கும், அதனால் உலோகப் பாத்திரம், பக்கத்தில் பொருத்தமான மூடி. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறியதும் அரம் இழுத்தால் வழுக்க வேண்டும். இப்போது அது கடினம், ஆனால் கீழே விழுந்தால் உடையக்கூடிய அளவுக்கு நொறுங்கும் தன்மையும் இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் உடனே பதம் இறக்க வேண்டும், அதாவது மிதமாகச் சூடாக்கி அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். அடுப்பு (ஓவன்) இருந்தால் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். அடுப்பின் முள்ளை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானி உள்ளே வையுங்கள். அடுப்பு இல்லையென்றால் வாயைப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, தண்டுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றி நிறம் ஓடுவதைக் கவனியுங்கள். வெளிர் வைக்கோல் நிறம் 205 டிகிரி வாக்கில் வரும், அடர்ந்த வைக்கோல் 230, பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. மர உளிக்கு வைக்கோல் நிறம் வாய்க்கு வந்தவுடன் தண்ணீரில் முக்கி நிறுத்துங்கள். இரும்பு வெட்டும் உளி அடிதாங்க வேண்டும், பழுப்பும் ஊதாவும் சேரும் இடம். வில் என்றால் நீலம்.

சுத்தியல் படும் தலைப்பக்கத்தை ஒருபோதும் கடினமாக்காதீர்கள். அது மெத்தென்றே இருக்கட்டும், நாளடைவில் காளானாக மலர்ந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மலர்ந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும்.

கேள்வி: பழைய முறைப்படியே, தேனிரும்பு உடம்பில் எஃகு வாய் ஒட்டிக் கோடாரி செய்யப் பார்க்கிறேன். எஃகு ஒவ்வொரு முறையும் எரிந்து பொறியாகப் போகிறது.

தேனிரும்பு ஒட்டுவதற்கு வெண்மையை நெருங்கும் சூடு, 1,250 டிகிரிக்கு மேல் வேண்டும். கார்பன் அதிகமுள்ள எஃகு அந்தச் சூட்டில் எரிய ஆரம்பித்துவிடும். இதற்குப் பழைய கொல்லர்கள் கண்ட வழி அழகானது: எஃகை மேலே ஒட்டாமல், இரும்பின் வாயைப் பிளந்து, எஃகை ஆப்பாக உள்ளே நுழைத்து மூடிவிடுவார்கள். இரண்டு பக்கமும் இரும்பு மூடியிருப்பதால் வெளியே இரும்பு ஒட்டும் சூட்டில் இருக்கும்போது உள்ளே எஃகு தீயை நேராகப் பார்க்காமல் தப்பிக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒட்டும் பரப்பில் தூவும் வெண்காரத்தை (போராக்ஸ்) முதலில் தனியாகச் சூடாக்கி நீரை ஓட்டிவிட்டுப் பொடியுங்கள், பச்சையாகப் போட்டால் பொங்கி நுரைத்துக் கொட்டும். அது 743 டிகிரியில் உருகிப் பரப்பை மூடி, இரும்பின் ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அடிக்கும்போது பிதுங்கி வெளியேறும். உலையில் கரி ஆழமாக இருக்கட்டும், காற்றை மெதுவாக விடுங்கள், காற்று மிஞ்சினால் எவ்வளவு வெண்காரம் போட்டும் ஒட்டாது. பரப்பு ஈரமாக மினுங்கும்போது எடுத்து, முதல் அடிகளை லேசாக, வேகமாக, நடுவிலிருந்து வெளியே கசடு ஓடும்படி போடுங்கள். பலமாக அடித்தால் இரண்டும் வழுக்கி விலகும். உருகிய வெண்காரம் எல்லாத் திசையிலும் தெறிக்கும், பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

கேள்வி: பழைய குறட்டின் ஆணி தளர்ந்து ஆடுகிறது. புது ரிவெட் எவ்வளவு நீளம் விட வேண்டும்?

உருண்டைத் தலைக்கு, தகடுகளைத் தாண்டி விட்டத்தில் ஒன்றரை மடங்கு. 8 மில்லிமீட்டர் ஆணி என்றால் 12 மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும். காய்ச்சி அடித்தவுடன் குறட்டைத் திறந்து மூடிக்கொண்டே ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போகும்.

கேள்வி: நான் செய்யும் நகல்கள் பழசாகத் தெரிய என்ன பூசலாம்? உப்புத்தண்ணீரில் போட்டுத் துருவேற்றினால் சரியாக வருமா?

கருமை வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். மெல்லிய செந்துரு ஏறவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவைத்தால் அந்தச் சிவப்பு கறுப்பு மாக்னடைட்டாக மாறும். தூசியைத் துடைத்து எண்ணெய் பூசி, இதையே சில முறை திரும்பச் செய்தால் ஆழமான கறுப்பு நிற்கும், துருவையும் தாங்கும். துப்பாக்கிக் குழல்களுக்குப் பூச்சுப் போட நெடுங்காலமாக இதே வழிதான்.

ஆனால் பள்ளம் விழத் துருவேற்றி, நூறு வருடக் கருவி என்று நம்பும்படி செய்வதற்கு நான் உதவமாட்டேன். நீங்கள் விற்காவிட்டாலும் உங்களுக்குப் பிறகு கைமாறும்போது யாரோ ஏமாறுவார்கள், கருவிகளை வைத்து வரலாறு எழுதுபவர்களுக்கும் அது தவறான சாட்சி. உங்கள் அடையாளத்தையும் வருடத்தையும் ஒரு முளையால் குத்திவிடுங்கள், பிடிக்குள் மறையும் இடத்தில் அல்ல, தெரியும் இடத்தில். பழசில் இருக்கும் முத்திரையை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

நகல் நன்றாக வர வேண்டுமென்றால் அளவெடுப்பதில் நேரம் செலவிடுங்கள். காகிதத்தில் வைத்து வரைந்து, பல இடங்களில் தடிமன் அளந்து, எடையும் போடுங்கள். அப்புறம் யோசியுங்கள், இந்தக் கருவி பிறந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று. இப்போது கையில் இருப்பது பல வருடம் தீட்டித் தேய்ந்த வடிவம், உளி குட்டையாகியிருக்கும், கோடாரி வாய் உள்ளே போயிருக்கும், மூலைகள் மழுங்கியிருக்கும். தேய்ந்ததை அப்படியே நகலெடுத்தால் எடையும் சமநிலையும் ஒத்துவராத ஒரு பொருள்தான் கிடைக்கும். ஒரே வகையில் இரண்டு மூன்று கருவிகளை ஒப்பிட்டால் பழைய வடிவம் பிடிபடும்.

கேள்வி: பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசுகிறேன், நன்றாக இருக்கிறது. துடைத்த துணியைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

துணியைச் சுருட்டி மட்டும் வைக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் காய்வது காற்றோடு வினைபுரிந்துதான், அதில் சூடு பிறக்கும். கசங்கிய குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பே வேண்டாம். வெளியே விரித்துத் தொங்கவிட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கவைத்துத் தூக்கியெறியுங்கள். எண்ணெயை மெல்லியதாகப் பூசி, உறிஞ்சாததைத் துடைத்துவிடுவதுதான் முறை, தடியாகப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகள் தானும் அடிக்க வேண்டும் என்கிறாள். இப்போதே விடலாமா?

களிமண்ணில் தொடங்குங்கள், பெரியவர்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன். பொம்மை செய்யும் மெழுகுக் களிமண்ணைச் சதுரக் கம்பியாக உருட்டிச் சின்ன மரச்சுத்தியலால் அடித்தால், சூடான இரும்பு எப்படி நகருமோ கிட்டத்தட்ட அப்படியே நகரும். கூராக்குவது, அகலமாக்குவது, துளையைச் சுற்றி விரிப்பது எல்லாம் அதில் பார்க்கலாம். செய்ய வேண்டிய கருவியைக் களிமண்ணில் முழு அளவில் செய்துவிட்டு, அதே களிமண்ணை மறுபடி கம்பியாக உருட்டினால் எவ்வளவு நீள இரும்பு வெட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். செதிலாகப் போவதற்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். அதில் அவள் கை பழகிய பிறகு, கண்ணாடி போட்டு, கூந்தலைக் கட்டி, 400 கிராம் சுத்தியல் ஒன்றைக் கொடுத்து, நீளமான மெல்லிய கம்பியில் ஒரு கொக்கி அடிக்கச் சொல்லுங்கள். உலையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் நீங்கள், அடிப்பது அவள். அவளுக்குக் கை வலிக்கிறது என்று சொல்லும் முன்பே நீங்கள் நிறுத்திவிடுங்கள்.